கோர்ட்டும் கடவுளும்: எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு எந்த நாவல்?

நாகர்கோவிலில் மாதம் ஒருமுறை பத்துப் பன்னிரண்டு பேர் கூடி ஒரு நாவலைப் பற்றிப் பேசுகிறோம். அடுத்த புத்தகத்தைத் தேர்வு செய்யும் பொறுப்பு இந்த முறை எனக்கு வந்தது. போன கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து இரண்டு நிபந்தனை வைத்தார்கள். வழக்கும் விசாரணையுமாக, கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாத நாவலாக இருக்க வேண்டும். மதமும், மதங்களுக்கு இடையிலான உரசலும் கதையின் நடுவில் இருக்க வேண்டும்.

இரண்டாவது நிபந்தனை எங்கள் மாவட்டத்தில் லேசான விஷயமில்லை. 1982 மார்ச்சில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த மண்டைக்காடு கலவரத்தைச் சின்ன வயதில் பார்த்தவர்கள் இரண்டு பேர் வட்டத்தில் இருக்கிறார்கள். ஒருவர் கடற்கரை ஊரைச் சேர்ந்த கத்தோலிக்கர், மற்றவர் உள்ளூர் இந்து. பல வருஷமாக அடுத்தடுத்த நாற்காலியில் உட்காருகிறார்கள், ஒரே ஆட்டோவில் வீடு திரும்புகிறார்கள். அந்த மார்ச் மாதத்தைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை. முஸ்லிம் நண்பர்கள் மூன்று பேர். எந்த மதத்திலும் சேராதவர் ஒருவர். இந்த அறைக்குள் தவறான புத்தகத்தைக் கொண்டுபோனால் ஒன்று சண்டை வரும், இல்லாவிட்டால் எல்லோரும் மரியாதையாகப் பேசிவிட்டு டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு இரண்டாவதுதான் அதிகப் பயம்.

ஐந்து நாவல்களை எடுத்துக்கொண்டு இரண்டு மாதம் படித்தேன். எல்லாம் ஆங்கிலத்தில் வந்தவை. கதை முடிவுகளை முடிந்தவரை சொல்லாமல் எழுதுகிறேன்.

படித்துக்கொண்டிருந்தபோது வட்டத்தில் இருக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் பேசினேன். முப்பது வருஷத்துக்கு மேல் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சாட்சிக்கு ஆயிரக்கணக்கான தடவை பிரமாணம் செய்து வைத்தவர். கடவுள் மேல் ஆணையிட விருப்பமில்லாதவர் மனமார உறுதி கூறுவதாகச் சொல்லலாம், 1969 பிரமாணச் சட்டம் இரண்டுக்கும் இடம் தருகிறது என்று விளக்கினார். அப்புறம் சொன்னார்: “தம்பி, பிரமாணத்தோட சாமி விஷயம் முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் நீ அங்க நின்னியா, பாத்தியா, அது மட்டும்தான் கேப்பாங்க. மனசுல என்ன இருந்துச்சுன்னு சொல்ல ஆரம்பிச்சா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னுருவாங்க.”

இந்த வகை நாவல்கள் எல்லாம் அந்த இடத்தில்தான் பிறக்கின்றன என்று அப்போது தோன்றியது. நம்பிக்கை உள்ள ஒரு மனிதர் கூண்டில் நிற்கிறார். கோர்ட் ஆம், இல்லை என்று பதில் கேட்கிறது. அவரிடம் இருக்கும் பதில் அந்த அளவுக்குள் அடங்காது. அங்கே கதாசிரியர் என்ன செய்கிறார், அந்த மனிதரை யாருடைய கண்ணால் பார்க்கிறார் என்பதைத்தான் நான் முக்கியமாகக் கவனித்தேன். அடுத்தவர் மதத்தைப் பார்க்க வருகிறவர் தன்னுடையதை முதலில் பார்த்திருக்கிறாரா? ஐந்து புத்தகத்தையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடை போட்டேன்.

முதலில் எடுத்தது இயன் மெக்கீவனின் ‘தி சில்ட்ரன் ஆக்ட்’, 2014-இல் வந்தது. இருநூறு பக்கத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். லண்டன் உயர் நீதிமன்றத்தில் குடும்ப வழக்குகளை விசாரிக்கும் நீதிபதி ஃபியோனா மே. ஒரு மருத்துவமனை அவசரமாக மனுப் போடுகிறது. ஆடம் ஹென்றி என்ற பையனுக்கு ரத்தப் புற்றுநோய், ரத்தம் ஏற்றாவிட்டால் பிழைக்க மாட்டான். அவனும் பெற்றோரும் யெகோவாவின் சாட்சிகள். ரத்தத்தை விலக்கி வைக்கச் சொல்லும் வேத வசனங்களை வைத்து, உடம்பில் ரத்தம் ஏற்றிக்கொள்வதையும் மறுப்பவர்கள். பையனுக்குப் பதினெட்டு வயதாக இன்னும் மூன்று மாதம்தான் பாக்கி. பதினெட்டு ஆகிவிட்டால் சிகிச்சை வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவனுடையது. இந்த மூன்று மாதத்துக்குள் நீதிபதி முடிவு சொல்ல வேண்டும்.

இதை அந்தரத்தில் கட்டிய கதை என்று நினைக்க வேண்டாம். 1990-இல் இங்கிலாந்தில் இப்படி ஒரு வழக்கு நடந்தது. அதை விசாரித்த நீதிபதி ஆலன் வார்டிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதிலிருந்துதான் இந்த நாவல் உருவானது என்று மெக்கீவனே எழுதியிருக்கிறார். சட்டப் பகுதி அசைக்க முடியாதபடி இருப்பதற்கு அதுவும் காரணம். குழந்தையின் நலனே முதன்மை என்று 1989-ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது, நாவலின் பெயரே அந்தச் சட்டத்தின் பெயர்தான். ஆனால் நலன் என்றால் எது? உயிரோடு இருப்பதா, அவன் தன்னுடையது என்று நினைக்கும் வாழ்க்கையா? ஃபியோனா வழக்கத்துக்கு மாறாக, விசாரணையை நிறுத்தி வைத்துவிட்டு மருத்துவமனைக்கே போய் அவனைப் பார்க்கிறார். அவன் புதிதாகக் கற்றுக்கொண்ட வயலினை வாசிக்கிறான், அவர் கூடப் பாடுகிறார். ஐந்து புத்தகங்களிலும் என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்த காட்சி அதுதான். கோர்ட் கேட்காத ஒன்றை, கேட்கவே தெரியாத ஒன்றை, அந்தக் கட்டிலருகில் இரண்டு பேரும் பரிமாறிக்கொள்கிறார்கள்.

தீர்ப்பு நாவலின் நடுவிலேயே வந்துவிடுகிறது. மற்றவர்கள் தீர்ப்போடு கதையை முடிப்பார்கள், இவர் தீர்ப்புக்கு அப்புறம் என்ன ஆகிறது என்று காட்டுகிறார். ஒருவனின் நம்பிக்கையைச் சட்டம் எடுத்துவிடலாம், அந்த இடத்தில் எதைக் கொடுப்பது? அந்தக் கேள்விக்கு ஃபியோனாவிடம் பதில் இல்லை என்பதுதான் பின்பாதி முழுக்க.

யெகோவாவின் சாட்சிகளை நம் பக்கத்தில் பலருக்கு ஒரு வழக்கின் மூலம்தான் தெரியும். கேரளத்தில் மூன்று பிள்ளைகள், பள்ளியில் தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்பார்கள், ஆனால் பாட மாட்டார்கள். பள்ளியை விட்டு நீக்கினார்கள். உயர் நீதிமன்றம் கைவிட்டது. 1986-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிள்ளைகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நமது மரபு சகிப்பைக் கற்பிக்கிறது, நமது தத்துவம் அதைப் போதிக்கிறது, நமது அரசியல் சாசனம் அதைக் கடைப்பிடிக்கிறது, அதை நீர்த்துப் போகச் செய்ய வேண்டாம் என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதியது இன்றைக்கும் படிக்கத் தகுந்தது. அந்தத் தீர்ப்பையும் இந்த நாவலையும் சேர்த்துப் படித்தால் இரண்டும் ஒன்றையொன்று விளக்கும்.

ஆனால் எங்கள் வட்டத்துக்கு இதை முதல் புத்தகமாகச் சொல்ல மனம் வரவில்லை. ஃபியோனாவுக்கு என்று மத நம்பிக்கை எதுவும் இல்லை. யூதர், கத்தோலிக்கர், யெகோவாவின் சாட்சிகள் என்று அவர் முன்னால் எல்லோரும் வருகிறார்கள், அவர் அத்தனை பேரையும் கனிவாக மேலிருந்து பார்க்கிறார். தன் நம்பிக்கை எது என்று யாரும் அவரைக் கூண்டில் ஏற்றிக் கேட்பதில்லை. மதத்துக்கும் அரசுக்கும் உள்ள மோதல் இதில் முழுமையாக இருக்கிறது. மதத்துக்கும் மதத்துக்கும் இடையில் உள்ளது குறைவு. தனியாகப் படிக்கிறவர், நல்ல உரைநடைக்காகப் படிக்கிறவர், யோசிக்காமல் இதை எடுக்கலாம்.

ஜோடி பிக்கோவின் ‘சேஞ்ச் ஆஃப் ஹார்ட்’ (2008) இதற்கு நேர் எதிர்ப் பக்கம். பெரிய புத்தகம், வேகமான புத்தகம், கண்ணீர் வரவழைக்கும் புத்தகம். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலச் சிறையில் மரண தண்டனைக்குக் காத்திருக்கும் கைதி ஷே போர்ன். ஒரு போலீஸ்காரரையும் அவருடைய மனைவியின் சின்னப் பெண்ணையும் கொன்றதாகத் தண்டனை. அந்தத் தாய்க்கு அப்புறம் பிறந்த பெண்ணுக்கு இதயம் மாற்ற வேண்டியிருக்கிறது. தன் இதயத்தை அவளுக்குக் கொடுத்தால்தான் தனக்கு மீட்சி என்கிறார் ஷே. மாநிலம் விஷ ஊசி போட்டுத்தான் கொல்லும், அப்படிச் செய்தால் இதயம் பயன்படாது. தூக்கில் போட்டால் பயன்படும். தன்னைத் தூக்கில் போடும்படி ஒரு கைதி அரசு மீது வழக்குப் போடுகிறார், அதுவும் மத உரிமையின் பேரில்.

வழக்கு நிற்கும் அடிப்படை உண்மையான சட்டம். 2000-இல் அமெரிக்க காங்கிரஸ் இயற்றியது. சிறையில் இருப்பவரின் மத அனுசரிப்புக்கு அரசு பெரிய தடை போடக் கூடாது, போட்டே ஆக வேண்டும் என்றால் அதற்கு வலுவான காரணம் காட்ட வேண்டும், தடையும் முடிந்த மட்டும் குறைவாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஷே எந்தச் சர்ச்சிலும் உறுப்பினர் இல்லை. அவர் சொல்வது பைபிளில் இல்லை. 1945-இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த தோமாவின் நற்செய்தியோடு அது ஒத்துப்போவதைப் பாதிரியார் மைக்கேல் கண்டுபிடிக்கிறார். அப்படியானால் அது மதமா? ஒரே ஆள் நம்பும் மதம் மதம் ஆகுமா?

இந்தக் கேள்வியை நம் ஊருக்குக் கொண்டுவந்தால் வேறு மாதிரி ஆகிவிடும். 1954-இல் சென்னை மாகாணத்திலிருந்து போன சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வழியைப் போட்டது: ஒரு பழக்கத்துக்கு மத உரிமை என்ற பாதுகாப்பு வேண்டுமென்றால் அது அந்த மதத்தின் இன்றியமையாத பகுதியாக இருக்க வேண்டும், அந்த மதத்தின் கோட்பாட்டை வைத்தே அதை முடிவு செய்ய வேண்டும். அமெரிக்க நீதிபதி, இந்த மனிதர் மனதார நம்புகிறாரா என்று கேட்பார். நம் நீதிபதி, உங்கள் மதத்துக்கு இது இன்றியமையாததா என்று கேட்பார். ஷே போர்ன் நம் கோர்ட்டில் நின்றிருந்தால் முதல் வாய்தாவிலேயே தோற்றிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். இதை மட்டும் வைத்துக்கொண்டு எங்கள் வட்டம் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசும்.

இதில் இரண்டு பாத்திரங்கள் எனக்கு ரொம்பப் பிடித்தன. மைக்கேல், பாதிரியார் ஆவதற்கு முன்னால், ஷேக்கு மரண தண்டனை விதித்த ஜூரியில் ஒருவராக இருந்தவர். அதைச் சொல்லாமலே அவருக்கு ஆன்மிகத் துணையாகப் போகிறார். வக்கீல் மேகி ப்ளூம் ஒரு யூத ரபியின் மகள், அப்பாவின் நம்பிக்கை அவருக்கு இல்லை. இருவருமே அடுத்தவரின் நம்பிக்கைக்காக வாதாடப் போய்த் தங்களுடையதோடு மல்லுக்கட்டுகிறார்கள். இந்த விஷயத்தில் பிக்கோ மெக்கீவனைவிட நேர்மையானவர் என்பேன். குறை வேறு இடத்தில் இருக்கிறது. சிறையில் அற்புதங்கள் நடக்கத் தொடங்குகின்றன. குழாயில் ஒயின் வருகிறது, செத்த குருவி எழுகிறது. நடந்ததா, மனப்பிரமையா என்று ஆசிரியர் திறந்து வைக்கிறார். ஆனால் கதை போகிற போக்கு நம் கையைப் பிடித்து ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகிறது. எங்கள் வட்டத்தில் கிறிஸ்தவ நண்பர்கள் பைபிள் நுணுக்கத்தில் மூழ்கிவிட, மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கும்.

கியா அப்துல்லாவின் ‘டேக் இட் பேக்’ (2019) பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐந்தில் உண்மையான கோர்ட் த்ரில்லர் இதுதான். கிழக்கு லண்டன். முகம் பிறவியிலேயே உருக்குலைந்த ஜோடி என்ற பதினாறு வயது வெள்ளைக்காரப் பெண், கூடப் படிக்கும் நான்கு முஸ்லிம் பையன்கள் தன்னைப் பாலியல் வன்முறை செய்ததாகச் சொல்கிறாள். அவளுக்குத் துணை நிற்பவர் ஸாரா கலீல், பாரிஸ்டர் வேலையை விட்டுவிட்டுப் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு ஆலோசகராக வந்தவர், தானும் முஸ்லிம். வெளியே ஒரு கூட்டம் நான்கு பையன்களை வைத்து ஒரு மதத்தையே விசாரிக்கிறது. உள்ளே, சொந்த ஜனங்கள் ஸாராவைத் துரோகி என்கிறார்கள். குறுக்கு விசாரணைக் காட்சிகளில் எனக்கு மூச்சு முட்டியது. தன் சமூகத்தைத் தானே கேள்வி கேட்கிற ஒரு பெண் அதற்குக் கொடுக்கும் விலையை இத்தனை நெருக்கமாகக் காட்டிய நாவலை நான் வேறு படித்ததில்லை. ஆனால் குற்றத்தின் தன்மை அப்படி. யார் சொல்வது உண்மை என்ற சஸ்பென்ஸில்தான் கதை ஓடுகிறது. வட்டத்தில் பேசும்போது நாமும் அந்தப் பெண் சொல்வதை நம்பலாமா என்று வாக்கெடுப்பு நடத்துகிற மாதிரி ஆகிவிடும். அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்களில் யாருக்கு எது நடந்திருக்கும் என்று நமக்குத் தெரியாது. அதனால் இதைக் கூட்டத்துக்கு வேண்டாம் என்று ஒதுக்கினேன். தனியாகப் படிக்கிறவர்களுக்கு மனதாரச் சிபாரிசு செய்கிறேன்.

மேகா மஜும்தாரின் ‘எ பர்னிங்’ (2020) என்னை இரண்டு நாள் தூங்க விடவில்லை. முந்நூறு பக்கம்கூட இல்லை. கொல்கத்தா. சேரியில் வளர்ந்து, ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கும் முஸ்லிம் பெண் ஜீவன். புதிதாக வாங்கிய ஃபோன். ஊரில் ஒரு ரயில் எரிக்கப்பட்டு நிறையப் பேர் சாகிறார்கள். எல்லோரையும் போல அவளும் ஃபேஸ்புக் பார்க்கிறாள். நாலு பேர் லைக் போடட்டும் என்ற ஆசையில், மக்கள் சாவதைப் போலீஸ் பார்த்துக்கொண்டு நின்றால் அரசும் பயங்கரவாதிதானே என்கிற பொருளில் ஒரு வரி எழுதிவிடுகிறாள். சில நாளில் நடு ராத்திரி போலீஸ் வருகிறது. அன்றைக்கு அவள் ஸ்டேஷன் பக்கம் ஒரு பொட்டலத்தோடு போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பொட்டலத்தில் இருந்தவை புத்தகங்கள். அவளிடம் ஆங்கிலம் கற்றுக்கொண்டிருந்த லவ்லி என்ற திருநங்கைக்குக் கொண்டு போனவை.

ஃபேஸ்புக் வரிக்காகக் கைது என்பது நம் நாட்டில் புதிதும் இல்லை, கற்பனையும் இல்லை. 2012-இல் மும்பைக்குப் பக்கத்தில் பால்கரில் இரண்டு இளம் பெண்கள், ஒரு பதிவுக்கும் அதற்குப் போட்ட லைக்குக்கும் கைதானார்கள். அதன் தொடர்ச்சியாகச் சட்ட மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில்தான் 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இப்படி இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்ய இடம் தந்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையே ரத்து செய்தது. சட்டப் பிரிவு போய்விட்டது. அந்த மனநிலை போகவில்லை என்பதை நாவல் காட்டுகிறது.

இந்த நாவலின் நடுநாயகம், என் பார்வையில், ஜீவன் இல்லை. அவள் படித்த பள்ளியின் பி.டி. சார். ஒரு காலத்தில் அந்தப் பெண் பசியோடு வருகிறாள் என்று தன் சாப்பாட்டைக் கொடுத்தவர். அவள் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் பள்ளியை விட்டுப் போனது அவருக்கு மனசில் முள்ளாகத் தைத்துவிட்டது. ஓர் அரசியல் கூட்டத்தில் போய் நிற்கிறார். சின்ன உதவி செய்கிறார். தலைவர் பெயர் கேட்கிறார். அப்புறம் சின்னச் சின்ன வழக்குகளில் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார்கள். ஆள் குற்றவாளிதான், போலீஸுக்குத் தெரியும், ஒரு சாட்சிதான் குறைகிறது, நீங்கள் பார்த்ததாகச் சொன்னால் போதும். அவருக்குள் மதவெறி எதுவும் கொழுந்துவிட்டு எரியவில்லை. தன்னை ஒருத்தர் மதித்துக் கூப்பிட்டார் என்பதுதான் அவருக்குப் பெரிது. அண்ணாச்சியிடம் இந்தப் பகுதியைத் தமிழில் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அந்த மாதிரி சாட்சிக்கும் நான்தான் பிரமாணம் வச்சிருக்கேன்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

எழுத்தின் வலுவில் ‘எ பர்னிங்’ ஐந்திலும் முதலிடம். அதே சமயம் இதில் தன்னைத் திரும்பிப் பார்க்கிறவர் கிட்டத்தட்ட யாருமில்லை. எல்லோருக்கும் பிழைப்பு இருக்கிறது. பார்க்க வேண்டியவர்கள் வாசகர்கள். எங்கள் வட்டத்தில் முஸ்லிம் நண்பர்கள் மூன்று பேர், மற்றவர்கள் பெரும்பான்மை. முதல் கூட்டத்திலேயே இதை வைத்தால், அந்த மூன்று பேர் ஜீவனுக்காகப் பேச வேண்டியவர்களாகிவிடுவார்கள். ஒரு சமூகத்தின் காயத்தை அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவரே விளக்க வேண்டும் என்று நாற்காலி போட்டு உட்கார வைப்பது சரியில்லை. இரண்டாவது புத்தகமாக, கொஞ்சம் பேசிப் பழகிய பிறகு, கண்டிப்பாக இதுதான்.

அப்படியானால் முதல் புத்தகம்? சுஜாதா மாஸியின் ‘தி விடோஸ் ஆஃப் மலபார் ஹில்’. 2018-இல் வந்தது. கதை நடப்பது 1921 பம்பாயில். பெர்வீன் மிஸ்திரி, ஜொராஷ்ட்ரிய மதத்தைச் சேர்ந்த பார்சிப் பெண், ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படித்துவிட்டு அப்பாவின் அலுவலகத்தில் வேலை செய்கிறார். மில் முதலாளி உமர் ஃபரீத் இறந்துவிட்டார். அவருடைய மூன்று மனைவியரும் மலபார் ஹில்லில் ஒரே பங்களாவில் கோஷாவில், அதாவது அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல், வாழ்கிறார்கள். மூவரும், கல்யாணத்தில் கணவன் மனைவிக்குத் தர வேண்டிய மஹரையும் தங்கள் சொத்தையும், குடும்பத்தின் அறக்கட்டளையான வக்ஃபுக்கு எழுதிக் கொடுப்பதாக ஒரு கடிதம் வருகிறது. பெர்வீன் கையெழுத்துகளைப் பார்க்கிறார். இரண்டு கையெழுத்து ஒரே கை போட்டது போல இருக்கின்றன. அந்தப் பெண்களுக்கு என்ன எழுதிக் கொடுக்கிறோம் என்று தெரியுமா? ஆண் வக்கீல் யாரும் அவர்கள் முகத்தைப் பார்த்துக் கேட்க முடியாது. பெர்வீன் போகிறார். கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டில் ஒரு கொலை விழுகிறது.

பெர்வீனுக்குப் பின்னால் நிஜத்தில் ஒருவர் இருக்கிறார், கொர்னேலியா சொராப்ஜி. 1866-இல் நாசிக்கில் பிறந்தவர், பார்சியாகப் பிறந்து கிறிஸ்தவராக மாறியவரின் மகள். 1892-இல் ஆக்ஸ்ஃபோர்டில் சட்டத் தேர்வு எழுதிய முதல் பெண். 1904 முதல் வங்காளத்தில் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்ற, பிறர் சொத்தை நிர்வகித்த அரசு அமைப்புக்காக, கோஷாவில் இருந்த இந்து, முஸ்லிம் பெண்களின் சொத்து வழக்குகளைக் கவனித்தவர். பெண்கள் கோர்ட்டில் வக்கீலாக நிற்கலாம் என்று சட்டம் வந்தது 1923-இல்தான். அதனால் 1921-இல் பெர்வீன் மனு எழுதலாம், கட்சிக்காரரைப் பார்க்கலாம், கூண்டுக்கு முன்னால் நின்று வாதாட முடியாது. அனல் பறக்கும் குறுக்கு விசாரணை வேண்டும் என்பவருக்கு இது ஏமாற்றம்தான், ஒப்புக்கொள்கிறேன். கொலைக்கான விடையும் பெரிய அதிர்ச்சி தராது. வெளிநாட்டு வாசகருக்காகச் சாப்பாட்டையும் சடங்கையும் விளக்கிக்கொண்டே போகும் பத்திகள் நமக்குச் சற்று நீளம்.

இத்தனைக்கும் பிறகு இதை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்றால், ஓர் அறைக்காக. நாவல் இரண்டு காலத்தில் ஓடுகிறது. 1916-இல் பெர்வீன் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு கல்கத்தா போகிறார். புகுந்த வீடு ஆசாரமான வீடு. மாதவிலக்கு நாட்களில் வீட்டின் ஓரத்தில் இருக்கும் சின்ன அறைக்குள் அவரை ஒதுக்கி வைக்கிறார்கள். படித்த பெண், வக்கீலின் மகள், சமையல்காரர் கதவருகில் வைத்துவிட்டுப் போகும் தட்டுக்காகக் காத்திருக்கிறார். நம் வீடுகளில் ‘தூரம்’ என்றும் ‘வீட்டுக்கு விலக்கு’ என்றும் சொன்ன அதே விஷயம். என் பாட்டி வீட்டில் பின்கட்டில் ஒரு திண்ணை இருந்தது. அந்த நாட்களில் அத்தைகள் அங்கே பாயும் தனி டம்ளருமாக இருப்பார்கள். பக்கத்தில் போகாதே என்று சின்னப் பையனான என்னை இழுத்துக்கொண்டு போவார்கள். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எனக்கு அந்த டம்ளர்தான் கண்ணில் நின்றது.

ஐந்து வருஷம் கழித்து இதே பெர்வீன்தான் மலபார் ஹில் பங்களாவில் உட்கார்ந்து, அங்கே இருக்கும் முஸ்லிம் பெண்களிடம், நீங்களாக விரும்பித்தான் இப்படி இருக்கிறீர்களா என்று கேட்கிறார். அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு இருக்கும் யோக்கியதை அந்தச் சின்ன அறையிலிருந்து வந்தது. உங்கள் மதம் பெண்களை அடைத்து வைக்கிறது என்று அவரால் சொல்ல முடியாது. தன் மதம் தன்னை அடைத்து வைத்ததை அவர் மறக்கவில்லை. அந்த மூன்று பெண்களுக்கும் கோஷா ஒரே பொருள் தருவதில்லை, ஒருத்திக்கு அது பாதுகாப்பு, இன்னொருத்திக்கு வேறு. பெர்வீன் கேட்டுக்கொள்கிறார்.

சட்டத்திலும் இதே நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு மதத்துக்கும் ஒரு சொத்துச் சட்டம், ஒரு கல்யாணச் சட்டம் என்று வெள்ளைக்காரர் காலத்தில் உருவான ஏற்பாட்டில் எல்லா மதப் பெண்களும் ஏதாவது ஓரிடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். 1865 பார்சிச் சட்டப்படி, கணவன் விலைமாதரிடம் போவது மட்டும் விவாகரத்துக்குப் போதுமான காரணம் ஆகவில்லை. அந்த வழக்கைத் தீர்மானித்த ஜூரியில் இருந்தவர்கள் பார்சி சமூகத்து ஆட்கள். மற்ற இடங்களில் ஜூரி முறை போன பிறகும் பார்சித் திருமண வழக்குகளில் அந்த ஏற்பாடு தொடர்ந்தது. வக்ஃபு பக்கம் வந்தால், குடும்பத்துக்காக வைக்கும் வக்ஃபை 1894-இல், அன்றைக்கு மேல்முறையீட்டுக்குக் கடைசி மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் செல்லாது என்றது, 1913-இல் தனிச் சட்டம் போட்டு அதை மீட்டார்கள். எங்கள் வட்டத்து வக்கீல் அக்கா இதைக் கேட்டதும் ஒன்று சொன்னார்கள். முஸ்லிம் சட்டத்துக்கு வக்கீல்கள் இன்றைக்கும் புரட்டும் ‘முல்லா’ புத்தகத்தை எழுதியவர் தின்ஷா ஃபர்தூன்ஜி முல்லா, ஒரு பார்சி. “இருபது வருஷமா மேஜையில இருக்கு, அவரு முஸ்லிம்னுதான் நினைச்சிட்டிருந்தேன்” என்றார்கள்.

அதனால் அடுத்த கூட்டத்துக்கு ‘தி விடோஸ் ஆஃப் மலபார் ஹில்’, அதற்கு இரண்டு மாதம் கழித்து ‘எ பர்னிங்’ என்று குழுவில் எழுதிப் போட்டேன். ஆங்கிலம் சிரமம் என்று சொன்ன நாலு பேருக்காக, கல்கத்தா அறை வரும் பகுதியையும் மலபார் ஹில் பெண்களோடு பெர்வீன் பேசும் பகுதியையும் நான் தமிழில் வாய்மொழியாகச் சொல்வதாக ஏற்பாடு. வக்கீல் அக்கா மஹரையும் வக்ஃபையும் பதினைந்து நிமிஷத்தில் விளக்குவார்கள்.

புத்தகம் இரண்டு பிரதிதான் கிடைத்தது. ஒன்றை அந்த இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுத்தேன், ஒரே ஆட்டோவில் போகிறவர்களுக்கு. கடற்கரைக்காரர் வாங்கிப் புரட்டிவிட்டு, “நீங்க முதல்ல படிச்சிட்டுக் குடுங்க அண்ணாச்சி, நான் பின்னாடி படிக்கேன்” என்று மற்றவரிடம் நீட்டினார். அவர், “வேண்டாம், ஒரு அத்தியாயம் நீ, ஒரு அத்தியாயம் நான். சாயங்காலம் திண்ணைல இருந்து பேசுவோம்” என்றார்.